கவிழ்த்து வைத்த கோட்டை

மூன்று வருடமாகக் கைக்கு எட்டாமல் போன கப்பை இந்த முறை வென்று வந்த சிவகரன், அதை அலுமாரிக்கு மேலே வைக்கவில்லை. பழைய வேட்டித் துண்டு ஒன்றில் சுற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகிவிட்டான். வென்ற கப்பைக் களவெடுத்த சாமான் மாதிரி ஒளித்து வைக்கிற மனிசனைப் புளியங்கூடல் அதற்கு முன் கண்டதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். தீவின் ஊர் வாசிகசாலைகளுக்கிடையே வருடா வருடம் நடக்கும் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவன் தோற்கடித்தது பக்கத்து ஊரான சரவணையைச் சேர்ந்த சுதாகரனை. அந்தச் சுதாகரன்தான் சிவகரனின் தங்கச்சி நிலாந்தியை ஆவணியில் கட்டப்போகிறவன். நாள் வைத்தாயிற்று, கலியாண அட்டை அடிக்கக் கொடுத்தாயிற்று. மூன்று வருடம் தொடர்ந்து சிவகரனை மண் கவ்வ வைத்தவன், பெண் பேசி முடித்த வருடம் பார்த்துத் தோற்றால் சனம் சும்மா இருக்குமா? முதலில் பகிடியாகத்தான் தொடங்கியது. "இந்த முறை மாப்பிள்ளை பகுதியெல்லோ சீதனம் குடுத்திருக்கு" என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். சிவகரன் வாங்கப் போன சாமானை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டான்.

பகிடியோடு நின்றிருந்தால் கப் இரண்டு கிழமையில் வெளியே வந்திருக்கும். சனிக்கிழமை பின்னேரம் சுவிசிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவன் சரவணை வாசிகசாலைத் தலைவர் இராசநாயகத்தின் மருமகன். சிவகரனும் சுதாகரனும் விளையாடிய ஆட்டத்தை எழுதிய தாளைப் படம் பிடித்து அவர் அனுப்ப, அவன் அதைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறான். "மாமா, வெள்ளைக்கு ஒரு இடத்திலை சுத்த வெற்றி இருந்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கடை ஆள் ஏன் அதை விட்டவர்?" அவ்வளவுதான். எந்த இடம் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற இடத்தை ஒருவன் விளக்கிக்கொண்டு இருப்பானா? விடிவதற்குள் அந்தக் குரல் சரவணையிலும் சுருவிலிலும் புளியங்கூடலிலும் இருந்த போன்கள் எல்லாவற்றிலும் பேசி முடித்துவிட்டது.

ஞாயிறு காலை சிவகரன் குசினி வாசலில் வந்து நின்றான். அவன் பெண்சாதி பிரியவதனி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிலாந்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உவையளை இண்டைக்கு வரச் சொல்லியிருக்கிறன். சுதாகரனையும் இராசநாயகம் அண்ணையையும். போட்டை விரிச்சு வைச்சு முழு விளையாட்டையும் திருப்பிப் பாக்கப் போறம். அவன் தெரியாமல் தோத்தவன் எண்டால் ஒரு கதையும் இல்லை. தெரிஞ்சு தோத்தவன் எண்டால் எனக்குப் பிச்சைக் கப்பும் வேண்டாம், பிச்சை போட்ட மாப்பிள்ளையும் வேண்டாம். அட்டையை நிப்பாட்டச் சொல்லிப்போடுவன்."

"ஒரு விளையாட்டுக்காக ஆரும் கலியாணத்தைக் குழப்புவினமே?" என்றாள் பிரியவதனி, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உமக்கு உது விளங்காது."

நிலாந்திக்கு விளங்கியது. அதுதான் அவளுக்குப் பயம். அப்பா செத்தபோது மற்ற அண்ணன்மார் இரண்டு பேரும் கனடாவில் இருந்தார்கள். தோட்டத்தையும் அவளையும் கட்டிக் காத்தது சிவகரன் ஒருவன்தான். கனடாக் காசு வந்தபோது, "நான் கேட்டனானோ?" என்று திருப்பி அனுப்பினவன். பக்கத்துக் காணிக்காரர் வெங்காய விதை ஒரு கடகம் கொடுத்தால், அடுத்த போகத்தில் இரண்டு கடகமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் அவனுக்கு நித்திரை வரும். சும்மா கிடைக்கிற எதையும் தொடமாட்டான். அதேநேரம் தோல்வியையும் தாங்கமாட்டான். பள்ளிக்கூடக் காலத்தில் நிலாந்தி அவனை ஒரேயொரு முறை சதுரங்கத்தில் வென்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் அவளோடு பலகைக்கு முன்னால் குந்தியதில்லை. இப்படிப்பட்ட மனிசன் ஒரு சொல் சொன்னால் அதை விழுங்கமாட்டான்.

அவளுக்குச் சுதாகரனைப் பிடித்திருந்தது. பெரியவர்கள் பேசி வந்த சம்பந்தம்தான். ஆனாலும் அவன் முதல்நாள் வந்து, அவள் பள்ளிக்கூட அணியில் கொழும்பு வரைக்கும் போய்ச் சதுரங்கம் விளையாடினவள் என்று கேள்விப்பட்டதும், பலகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு "போட் இருக்கோ?" என்று கேட்டானே, அப்போதே பிடித்துவிட்டது. அந்த மனிசனை ஒரு விளையாட்டுக்காக இழக்க அவள் தயாரில்லை.

இறுதி ஆட்டத்தை அவளும் பார்த்தாள். சுருவிலில் மண்டபம் நிறைந்த சனம். இந்த முறை யாழ்ப்பாணத்திலிருந்து மணிக்கூடுகளோடு ஒரு நடுவர் வந்து, எல்லாம் சர்வதேசச் சட்டப்படிதான் என்று மைக்கில் நீளமாக வாசித்தார். பாவம் மனிசன், வடையும் தேத்தண்ணியும் பரிமாறுகிற நேரம் பார்த்து வாசித்தார், ஒருவரும் கேட்கவில்லை. நிலாந்தி யன்னலோரம் பெண்களோடு நின்றாள். அங்கிருந்து பலகை அரைகுறையாகத்தான் தெரிந்தது. ஆட்டம் முடிகிற கட்டத்தில் சுதாகரன் நெடுநேரம் யோசித்தது அவளுக்கு ஞாபகம். வெட்டி ஒதுக்கிய கோட்டைக் காய் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டு இருந்தான். பிறகு அதை வைத்துவிட்டு இராணியால் இராணியை வெட்டினான். கொஞ்ச நேரத்தில் தோற்றான்.

வெயில் ஏறிய பிறகு மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. சுதாகரன் முன்னுக்கும் இராசநாயகம் பின்னுக்குமாக வந்து இறங்கினார்கள். வழக்கமாக வந்தால் கேற்றிலேயே சிரிக்கிறவன் இன்றைக்குச் செருப்பைக் கழற்றுவதிலேயே கவனமாக இருந்தான். இராசநாயகம் வாசிகசாலைப் பலகையைப் பையிலிருந்து எடுத்து, நடுஹோல் மேசையில் விரித்து, காய்களை அடுக்கினார். அவர் முகத்தில் ஒரு நீதவானின் களை. அவருக்கும் கோபம்தான். மூன்று வருடமாகச் சரவணையில் இருந்த கப் அல்லவா.

"போனிலை போட்டுப் பாத்தா உடனை தெரியும்" என்றார்.

"போன் வேண்டாம்" என்றான் சிவகரன். "போன் ஆயிரம் சொல்லும். வெற்றி இருந்ததோ இல்லையோ எண்டது எனக்குக் கேள்வி இல்லை. மனிசன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமோ எண்டதுதான் கேள்வி. நாங்கள் ரெண்டு பேரும் பாப்பம். எங்கடை கண்ணுக்குத் தெரிஞ்சா அவரின்ரை கண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"நியாயம். மருமகனும் இன்னும் எழும்பியிருக்கமாட்டான். அங்கை இப்ப விடியேல்லை." இராசநாயகம் சுதாகரனைப் பார்த்தார். "தம்பி, நீர் ஏதும் சொல்லப் போறீரோ?"

"பாருங்கோ அண்ணை" என்றான் சுதாகரன்.

காய்கள் நகர்ந்தன. இராசநாயகம் தாளைப் பார்த்து வாசிக்க, சிவகரன் இரண்டு பக்கத்துக்கும் தானே நகர்த்தினான். நிலாந்தி குசினிக்கும் ஹோலுக்கும் நடுவிலிருந்த கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். தேங்காய்ப்பூ பாதியில் கிடந்தது. பிரியவதனி ஒன்றும் கேட்காமல் அதையும் தானே முடித்தாள்.

நடு ஆட்டத்தில் இராசநாயகத்தின் விரல் டக்கென்று பலகையில் குத்தியது.

"நில்லும். இந்தா, இஞ்சை."

சிவகரனின் கறுப்புக் குதிரை ஒன்று துணையில்லாமல் நடுவில் நின்றது. சுதாகரனின் மந்திரி அதைக் குறுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றது. வெட்டியிருக்கலாம். சுதாகரன் வெட்டாமல் வேறு எதையோ நகர்த்தியிருந்தான்.

"சும்மா நிக்கிற குதிரை" என்றார் இராசநாயகம். "ஒருத்தரும் காவல் இல்லை. உதைத்தான் மருமகன் சொல்லியிருக்கிறான். சின்னப் பிள்ளையும் வெட்டும். நீர் ஏன் வெட்டேல்லை?"

சிவகரன் பலகையைப் பார்த்தான். பிறகு சுதாகரனைப் பார்த்தான். அண்ணனின் கழுத்து நரம்பு எழும்பியது நிலாந்திக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவன் வாய் திறந்தால் என்ன வரும் என்றும் தெரியும். அவள் யோசிக்காமல் மேசைக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

"அண்ணை, வெட்டிப் பாருங்கோ."

"என்ன?"

"மந்திரியாலை குதிரையை வெட்டுங்கோ. வெட்டிப்போட்டு உங்கடை கோட்டையைக் கீழ் வரிசைக்கு இறக்குங்கோ."

சிவகரன் வெட்டினான், இறக்கினான். வெள்ளை இராசாவுக்குச் செக். இராசா ஒதுங்க ஒரு கட்டம்கூட இல்லை. அதுவரை அந்த வரிசைக்குக் காவலாக இருந்தது குதிரையை வெட்டப்போன அதே மந்திரிதான்.

"அது நீங்கள் வைச்ச பொறி, அண்ணை. உங்களுக்கு மறந்துபோச்சோ?"

சிவகரனின் முகம் கொஞ்சம் இளகியது. தன் பொறியைத் தானே மறந்த மனிசனுக்கு அதை இன்னொருவர் எடுத்துச் சொன்னால் கசக்குமா என்ன. "ஓம் ஓம், அது நான் வேணுமெண்டு விட்ட குதிரை" என்றான். இராசநாயகம் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். "அப்ப உதிலை இல்லை. வேற எங்கையோ இருக்கு. இரும் பிள்ளை, நீயும் பார்." நிலாந்தி கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தாள். சுதாகரன் அவளைப் பார்க்கவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் குத்தியது. தன்னைக் காப்பாற்றியவளை ஒருமுறை பார்த்தால் என்ன குறைந்துபோகும்?

ஆட்டம் மேலே போனது. காய்கள் ஒவ்வொன்றாகப் பலகையை விட்டு இறங்கின. இராசநாயகம் இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்தினார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. சிவகரனின் மூச்சு சீராகத் தொடங்கியது. கடைசியில் அந்த இடம் வந்தது. இரண்டு இராணியும் உயிரோடு, ஒன்றுக்கொன்று எதிரே நிற்கின்றன. சுதாகரனின் ஓரத்துச் சிப்பாய் பலகையின் மறு அந்தத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்கிறது. சிவகரனின் கோட்டை அந்தச் சிப்பாயை வெட்டத் தயாராக நிற்கிறது. நகர்த்த வேண்டியவன் சுதாகரன்.

"இதிலை முடிஞ்சுது" என்றார் இராசநாயகம். "இதுக்குப் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. ராணியை மாத்தினா இவர் கோட்டையாலை செக்கோடை வெட்டுவார். இராசா ஒதுங்க, கோட்டை போய்ச் சிப்பாயை மறிக்கும். ராணியை மாத்தாட்டி சிப்பாய் போகும். பிழை இதுக்கு முன்னாலை எங்கையோ நடந்திருக்கு. திருப்பி முதலிலை இருந்து பாப்பம்."

"ஓம், இதிலை அவர் செய்ய ஒண்டும் இல்லை" என்று சிவகரனும் ஒத்துக்கொண்டான்.

நிலாந்தி பலகையைப் பார்த்தாள். இருவரையும் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். இவர்களுக்கு என்ன கண்ணில் பூவா விழுந்துவிட்டது? சிப்பாயைத் தள்ளினால் ஆயிற்று. அந்தத்துக்குப் போன சிப்பாய் இராணியாகும். வெள்ளைக்கு இரண்டு இராணி. கறுப்பு என்ன செக் வைத்தாலும் ஒரு இராணி மறைக்கும், மற்றது வெட்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று சுவிசில் இருக்கிறவன் சொன்னது இதைத்தான்.

அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இவர்களுக்குத் தெரியாது. இந்தத் தீவில் ஒரு வாசிகசாலைக்கும் தெரியாது.

பழைய ஆட்கள் தென்னிலங்கையில் கடை வைத்திருந்த காலத்தில், கடை பூட்டிய பின் மேசையில் விளையாடிப் பழகின சதுரங்கம் இது. பெட்டிக்குள் ஒரு பக்கத்துக்கு ஒரு இராணிதான் இருக்கிறது. ஆகையால் உன் இராணி சாகாமல் உனக்கு இன்னொரு இராணி வராது, அந்தத்துக்குப் போன சிப்பாய் சிப்பாயாகவே நிற்கும். கடைகள் போய்விட்டன, சட்டம் மட்டும் அப்படியே ஊருக்கு வந்துவிட்டது. முந்நூற்றிநாலு சீட்டு விளையாட்டுக்கு ஊருக்கொரு சட்டம் இருப்பதுபோல, இதுவும் இங்கத்தைச் சட்டம். போனில் விளையாடுகிற பொடியள் இரண்டு இராணி வைத்து விளையாடுவார்கள்தான். அது போன் விளையாட்டு. வாசிகசாலைப் பலகையில் அப்படிச் செய்தால் பெரியவர்கள் காயைத் தட்டிவிட்டு எழும்பிவிடுவார்கள். சிவகரன் அந்தச் சிப்பாயை அவ்வளவு தூரம் நடக்க விட்டதே இந்த நம்பிக்கையில்தான்.

நிலாந்திக்கு நெஞ்சு நிறையச் சந்தோசம் பொங்கியது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? இவர்கள் இரண்டு பேரும் இந்த இடத்தை உற்று உற்றுப் பார்த்தும் காணவில்லை. பிறகு அவனை மட்டும் ஏன் காணவில்லை என்று எப்படிக் கேட்பார்கள்? சொல்வதற்கு வாயைத் திறந்தாள். அப்போது அவள் கண் பலகைக்குப் பக்கத்தில் கிடந்த கோட்டையில் விழுந்தது.

மாசி மாதம், பருவம் தப்பிப் பெய்த மழையில் தோட்டமெல்லாம் தண்ணீர். சிவகரன் வாய்க்கால் வெட்டப் போயிருந்தான். இதே மேசையில் அவளும் சுதாகரனும் விளையாடினார்கள். அவளுடைய சிப்பாய் அந்தத்துக்குப் போனது. அவள் வெட்டுப்பட்ட கோட்டை ஒன்றை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, "இது இனி ராணி" என்றாள். "உம்மடை ராணி நிக்கேக்கை எப்பிடி?" என்று அவன் சண்டைக்கு வந்தான். அவள் சட்டத்தைச் சொன்னாள். அவன் நம்பாமல், பிறகு நம்பி, வயிறு குலுங்கச் சிரித்தான். "அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் விளையாடினது செஸ் இல்லைப் போலை."

அப்படியென்றால் அவனுக்குத் தெரியும்.

சுருவில் மண்டபத்தில் அவன் கோட்டையை வெறுமனே உருட்டவில்லை. இப்போது அந்தக் கை அவள் கண்ணுக்கு முன்னால் துலக்கமாக வந்தது. அவன் அந்தக் கோட்டையைக் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்து வைத்து, சிப்பாயையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நிமிர்த்தி, பழைய இடத்தில் வைத்துவிட்டு, இராணியால் இராணியை வெட்டினான்.

அவள் சுதாகரனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை அவனும் அவளைப் பார்த்தான். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கெஞ்சலும் இல்லை, மறைப்பும் இல்லை, நடக்கிறது நடக்கட்டும் என்று இருக்கிற ஒரு பார்வை.

"என்ன பிள்ளை, ஏதோ சொல்ல வந்தனீ" என்றான் சிவகரன்.

"ஒண்டுமில்லை" என்று சொல்லி எழும்பிப் போய்விடலாம். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? சுவிசில் விடிந்ததும் மருமகன் போன் எடுப்பான். அவன் சொல்லி வெளியே வந்தால் இராசநாயகம் முதலில் கேட்கப்போவது, கொழும்பு வரைக்கும் போய் விளையாடினவளுக்கு ஏன் இது தெரியவில்லை என்பதைத்தான். அவள் தெரிந்தும் மறைத்தாள் என்று ஆகும். பிறகு அவனை யார் நம்புவார்கள்? சொன்னால் இப்போதே சொல்ல வேண்டும், முகம் மாறாமல் சொல்ல வேண்டும்.

"வெற்றி இதிலைதான் இருக்கு, அண்ணை" என்றாள். சிப்பாயைத் தள்ளினாள். பக்கத்தில் கிடந்த கோட்டையை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, அந்தக் கட்டத்தில் வைத்தாள். "இது ராணி."

"வெள்ளை ராணி நிக்குதே" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"நிண்டால் என்ன? எத்தினை ராணியும் வரலாம். அதுதான் சட்டம். அண்டைக்கு நடுவர் மைக்கிலை வாசிச்சவர். நீங்கள் எல்லாரும் வடை திண்டுகொண்டிருந்தனீங்கள்."

இராசநாயகம் தாளை ஒருமுறை பார்த்தார். போனை எடுத்தார். இரண்டு தரம் அடித்தும் எடுக்காத மருமகன் மூன்றாம் தரம் எடுத்தான். நித்திரைக் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது. "ஓம் மாமா, சிப்பாயைத் தள்ளி ராணி எடுக்கிறதுதான். வேற என்ன? அதுக்குத்தான் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் எண்டனான்." இராசநாயகம் போனை மெல்ல மேசையில் கவிழ்த்து வைத்தார். இத்தனை வருடம் சரவணைக்குச் சதுரங்கம் காட்டிய மனிசன் அந்த ஒரு நிமிசத்தில் சின்னப் பிள்ளையிலும் கீழே போய்விட்டார்.

ஆனால் சிவகரன் விடவில்லை. அவன் சுதாகரனின் பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தெரியாது. இராசநாயகம் அண்ணைக்கும் தெரியாது. சரி. உமக்கு? உமக்கு இந்தச் சட்டம் தெரியுமோ?"

சுதாகரன் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவனுக்குப் பொய் வராது. இத்தனை மாதப் பழக்கத்தில் நிலாந்தி கண்டுகொண்ட ஒன்று அது. பிந்தி வந்தால் மோட்டார்சைக்கிளின் மேல் பழி போடக்கூடத் தெரியாதவன். அவன் தலை நிமிர்ந்தது, உதடு பிரிந்தது. அடுத்து வரப்போவது "ஓம்" என்ற ஒரு சொல். அந்தச் சொல்லோடு ஆவணி மாதமும் போய்விடும்.

"அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் நிலாந்தி. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "என்னோடையும் வாசிகசாலைச் சட்டத்திலைதான் விளையாடுறவர். தெரிஞ்சிருந்தால் எனக்கு எத்தினை தரம் ரெண்டு ராணி வைச்சு அடிச்சிருப்பார். நான்தான் சொல்லிக் குடுக்கேல்லை. சொல்லிக் குடுத்தால் நானெல்லோ தோக்க வேணும்."

சிவகரன் அவளையே பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்தரம் அவள் அண்ணனின் முகத்துக்கு நேரே பொய் சொன்னாள், அதை அவன் அப்படியே நம்பினான். முதலில் தோள் இறங்கியது. பிறகு ஒரு சிரிப்பு வந்தது, சின்ன வயதில் அவள் கண்ட, பிறகு கனகாலம் காணாத சிரிப்பு.

"அப்ப நான் நேராத்தான் வெண்டிருக்கிறன்."

"நேராத்தான்" என்றார் இராசநாயகம். எழும்பிச் சுதாகரனின் தோளில் கையை வைத்தார். "தம்பி, நான் கண்டபடி கதைச்சுப்போட்டன். மனசிலை வைச்சிருக்காதையும். எங்கள் எல்லாரையும் போலை நீரும் ஒரு மடையன்தான்."

சுதாகரன் சிரிக்க முயற்சி பண்ணினான்.

இராசநாயகம் ஹோலில் நின்று ஒவ்வொரு ஊராகப் போன் எடுத்துச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். நிலாந்தி கேற் வரைக்கும் சுதாகரனோடு போனாள். மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"நீர் ஏன் பொய் சொன்னனீர்?" என்றான் அவன்.

"நீர் ஏன் தோத்தனீர்?"

அவன் மோட்டார்சைக்கிளின் கண்ணாடியைத் திருப்பினான்.

"சொல்லும். எனக்கு இந்த மாதிரி இரக்கம் பாக்கிற ஆக்களைக் கண்ணிலையும் காட்ட ஏலாது. அண்ணைக்குக் கை குடுக்க உமக்கு ஆர் உரிமை தந்தது? அவர் பாவம் எண்டு நினைச்சனீரோ? அவரைப் பாவம் எண்டு ஒருத்தரும் நினைக்கத் தேவையில்லை." இவ்வளவு நேரமும் அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது.

"நான் அவரை நினைக்கேல்லை" என்றான். "விளையாட்டுக்கு முதல் நாள் நீர் போனிலை ஒண்டு சொன்னனீர். 'அண்ணை இந்த முறையும் தோத்தால், எங்கடை கலியாண வீட்டிலை உம்மோடை முகம் குடுத்துக் கதைக்கமாட்டார், அதை நினைக்க எனக்கு அழுகை வருது' எண்டனீர்."

சொன்னாளா? சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னது. அரிசி களைந்துகொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டு, வேறு ஏதோ கதையின் நடுவில் சொல்லிவிட்டு மறந்துபோனது.

"அது சும்மா சொன்னது."

"எனக்குத் தெரியாதே. கோட்டையைக் கவிழ்த்தும் வைச்சுப் பாத்தனான். உம்மடை அழுகைதான் வந்து நிண்டுது." அவன் ஹெல்மெட்டை எடுத்தான். "நீர் கேக்கேல்லைத்தான். நானாத்தான் செய்தனான். இனிச் செய்யன்."

இராசநாயகம் வந்து பின்னால் ஏறினார். மோட்டார்சைக்கிள் ஒழுங்கை திரும்பி மறையும் வரைக்கும் அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெய்யில் தலையைப் பிளந்தது. இந்தப் பெரிய பிழையைச் செய்தது சுதாகரனும் இல்லை, இராசநாயகமும் இல்லை, வாசிகசாலைச் சட்டமும் இல்லை என்று அவளுக்கு விளங்கியது. அண்ணனின் வெற்றியைக் கெடுத்தவள் அவள்தான். இனி அதைத் திருப்பிக் கொடுக்க அவளால் ஏலாது.

உள்ளே வந்தபோது கப் வேட்டித் துண்டிலிருந்து வெளியே வந்திருந்தது. சிவகரன் அதைச் சேட்டின் நுனியால் துடைத்து, அலுமாரிக்கு மேலே நடு மத்தியில், வாசலால் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி வைத்தான். பின்னால் தள்ளி நின்று பார்த்தான். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினான். பிறகு சாப்பாட்டு மேசையில் வந்து இருந்தான். போட்டிக்குப் பிறகு அவன் ஒழுங்காகச் சாப்பிட இருந்தது அன்றைக்குத்தான். பிரியவதனி பொரியலை வைத்துவிட்டு நிலாந்தியிடம் சோற்றுக் கரண்டியைக் கொடுத்தாள்.

நிலாந்தி சோறு போட்டாள். விளைமீன் குழம்பு விட்டாள். சிவகரன் பெரிய பெரிய கவளமாக உருட்டிச் சாப்பிட்டான். வாய்க்குள் சோறு இருக்கும்போதே பேசினான்.

"பிள்ளை, உன்ரை ஆள் பெரிய கெட்டிக்காரன் எண்டு சொல்ல ஏலாது. உந்த ரெண்டாவது ராணியைக் கண்டிருக்க வேணும். ஆனா ஒண்டு. நேர்மையான பொடியன். இண்டைக்கு நான் அவனை நல்லாப் பாத்தனான். அவன் ஒருக்காலும் மனசறிஞ்சு கள்ளம் செய்யமாட்டான்."

"ஓம் அண்ணை" என்றாள் நிலாந்தி.

"அது காணும். இன்னும் கொஞ்சம் குழம்பு விடு."

அவள் விட்டாள்.